லென்ஸுக்குப் பாதுகாப்பு ஃபில்டர் வேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சிங்கப்பூர் தேக்காவிலிருந்து கேமராவுடன் கிளம்பும் எங்கள் சிறு கூட்டத்தில் புதிதாக யார் சேர்ந்தாலும், ஒரு மணி நேரத்துக்குள் இந்தக் கேள்வி வந்துவிடும்: லென்ஸ் முன்னால் கண்ணாடி ஃபில்டர் போட வேண்டுமா? இருபது ஆண்டுகளாகக் கோயில் திருவிழாக்களையும் உறவினர் வீட்டுக் கல்யாணங்களையும் படம் எடுத்துவருகிறேன். அதில் பாதிக் காலம், ஃபில்டர் மாட்டாத லென்ஸுடன் வீட்டு வாசலைத் தாண்டியதே இல்லை. இப்போது அப்படி இல்லை. ஏன் மாறினேன் என்பதை ஒவ்வொரு வாரமும் காப்பிக்கடை மேசையில் காகிதத்தில் வரைந்து காட்டிக்கொண்டிருக்கிறேன். எழுதி வைத்தால் இன்னும் பலருக்குப் பயன்படும் என்று தோன்றியது.

சுருக்கமாகச் சொல்லுங்கள். போடவா, வேண்டாமா?

லென்ஸின் முனையில் மாட்டும் மறைப்பு வளையமான ஹூட்டை எப்போதும் போடுங்கள். ஃபில்டரை இடம் பார்த்துப் போடுங்கள்.

லென்ஸை அடிக்கடி துடைக்க நேரும் இடம் என்றால் ஃபில்டர் வேண்டும். கடற்கரை, திருநீறு பறக்கும் ஊர்வலம், சாம்பல், தெறிக்கும் பால், தூறல் ஆகியவை அப்படிப்பட்டவை. இருட்டில் விளக்குகள் எரியும் இடம் என்றால் கழற்றிவிடுங்கள். மற்ற நேரங்களில் அது பையில் இருக்கட்டும். கீழே வரும் பதில்கள் எல்லாம் இதன் விளக்கம்தான்.

மகளுக்கு முதல் கேமரா வாங்கினோம். ஃபில்டர் இல்லாமல் எடுத்துப்போகாதீர்கள் என்று கடையில் சொன்னார்கள். வாங்க வேண்டுமா?

அன்றே வாங்க வேண்டிய அவசியம் இல்லை. கேமராவோடு ஹூட் வந்திருக்கிறதா என்று முதலில் பெட்டியைப் பாருங்கள். விலை குறைந்த லென்ஸ்கள் பலவற்றுக்கு அதைத் தனியாகத்தான் வாங்க வேண்டும். கையில் உள்ள பணத்தில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஹூட்டை வாங்குங்கள். லென்ஸின் முன் விளிம்பில் குடைபோல நீட்டிக்கொண்டு நிற்கும் அந்த பிளாஸ்டிக் வளையம், பக்கவாட்டு வெயிலைத் தடுக்கிறது. சுவரிலோ நாற்காலியிலோ இடித்தால் முதல் அடியைத் தான் வாங்கிக்கொள்கிறது. குழந்தைகளின் விரல் கண்ணாடியில் படாமல் பார்த்துக்கொள்கிறது. படத்தின் தரத்தை அது குறைப்பதே இல்லை, பெரும்பாலும் கூட்டவே செய்யும். ஹூட்டைத் திருப்பி மாட்டியபடியே படம் எடுப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் வருந்துகிறது. இருக்கிற பாதுகாப்பை முடக்கி வைத்துவிட்டு, இல்லாத ஒன்றுக்குப் பணம் கொடுக்கிறோம்.

யூவி ஃபில்டர் என்கிறார்கள். புற ஊதாக் கதிருக்கும் படத்துக்கும் என்ன தொடர்பு?

ஃபிலிம் காலத்தில் தொடர்பு இருந்தது. ஃபிலிமில் நீல நிறத்தைப் பதியும் அடுக்கு, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவையும் பதிந்துவிடும். மலை, கடல், தொலைதூரக் காட்சிகள் நீலம் பாய்ந்து மங்கலாக வரும். அதைத் தடுக்கத்தான் இந்த ஃபில்டர் வந்தது. டிஜிட்டல் கேமராக்களில் படத்தைப் பதியும் சென்சாருக்கு முன்னாலேயே புற ஊதாவையும் அகச்சிவப்பையும் தடுக்கும் தகடு ஒன்றைத் தயாரிப்பாளர்கள் பொருத்திவிடுகிறார்கள். லென்ஸுக்குள் இருக்கும் கண்ணாடிகளும் தம் பங்குக்குக் கொஞ்சம் விழுங்குகின்றன. ஆகவே சிங்கப்பூர் வெயிலில் புற ஊதாக் குறியீடு 11ஐத் தாண்டும் நண்பகலிலும், யூவி ஃபில்டர் போட்ட படத்துக்கும் போடாத படத்துக்கும் நிறத்தில் வேறுபாடு காண்பது அரிது.

இன்று அது வெறும் காப்புக் கண்ணாடி. ‘புரொடெக்டர்’ அல்லது ‘கிளியர்’ என்ற பெயரில் விற்கப்படுவதும் அதே வேலையைச் செய்கிறது.

புகைமூட்டக் காலத்தில் ‘ஹேஸ்’ ஃபில்டர் உதவுமா?

உதவாது. பெயரால் வரும் குழப்பம் இது. காற்றின் மூலக்கூறுகள் குறுகிய அலைநீளங்களைச் சிதறடிப்பதால் வரும் நீல மங்கலுக்காக வைத்த பெயர் அது. சுமத்ரா பக்கம் காடும் கரிநிலமும் எரிந்து நம் பக்கம் வரும் புகை வேறு வகை. அதில் உள்ள துகள்கள் எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒரே மாதிரி சிதறடிக்கின்றன. 2013 ஜூன் 21 அன்று காற்றுத்தூய்மைக் கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டதே, அன்று எந்த ஃபில்டரைப் போட்டிருந்தாலும் எதிர்க் கட்டடம் தெளிந்திருக்காது. அப்படிப்பட்ட நாளில் கேமராவைவிட மூச்சுக்குழாயைப் பார்த்துக்கொள்வது முக்கியம்.

கீழே விழுந்தால் ஃபில்டர் லென்ஸைக் காப்பாற்றும் அல்லவா?

நானும் நெடுங்காலம் அப்படித்தான் நம்பினேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் ஒன்றின் கீழ்த்தளத்தில் நடந்த நிச்சயதார்த்தத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்திருந்த கேமரா சரிந்து சிமெண்டுத் தரையில் முகம் குப்புற விழுந்தது. ஃபில்டர் சுக்குநூறாக உடைந்திருந்தது, லென்ஸ் வேலை செய்தது. ஃபில்டர் தன் உயிரைக் கொடுத்து லென்ஸைக் காப்பாற்றியதாகப் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிவந்தேன். பழுதுபார்க்கக் கொண்டுபோன இடத்தில் இருந்த பெரியவர், லென்ஸை விளக்கின் கீழே சாய்த்துக் காட்டினார். முன்கண்ணாடியில் மூன்று மெல்லிய கீறல்கள். தரை அந்தக் கண்ணாடியைத் தொடவே இல்லை. கீறியவை உடைந்த ஃபில்டரின் துண்டுகள்.

அவர் விளக்கியது இன்றும் நினைவிருக்கிறது. ஃபில்டரின் கண்ணாடி ஒன்று இரண்டு மில்லிமீட்டர் தடிமன்தான். லென்ஸின் முன்கண்ணாடி அதைப்போலப் பல மடங்கு தடித்தது, வளைந்தது, விளிம்பு முழுவதும் இறுகப் பிடிக்கப்பட்டது. ஃபில்டரை உடைக்கும் அடியில் பல, முன்கண்ணாடிக்கு ஒரு பொருட்டே ஆகாது. ஆகவே ஃபில்டர் உடைந்தது என்பதை வைத்து, அது இல்லாவிட்டால் லென்ஸ் உடைந்திருக்கும் என்று சொல்ல முடியாது. மேலும் விழும்போது லென்ஸுக்கு உண்மையான சேதம் பெரும்பாலும் உள்ளேதான் நேர்கிறது. கண்ணாடிகள் இடம் பிசகும், ஃபோகஸ் மோட்டார் சிக்கும், கேமராவோடு பொருந்தும் மவுண்ட் வளையும். முன்னால் இருக்கும் கண்ணாடி வில்லை இவற்றில் எதையும் தடுக்காது.

ஃபில்டருக்குச் சாதகமாக ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். விளிம்பில் அடிபடும்போது அதன் உலோக வளையம் நசுங்கி, லென்ஸின் திருகுமரையைக் காப்பாற்றுவது உண்டு. கூழாங்கல் போன்ற சிறு பொருள் தெறித்து வந்தாலும் பயன்படும். அந்த அளவுக்குத்தான். விழுவதற்கு மருந்து, கழுத்திலோ மணிக்கட்டிலோ வார் மாட்டிக்கொள்வதும் ஹூட்டும்தான்.

அப்படியானால் நீங்கள் எங்கே போடுகிறீர்கள்?

தைப்பூசத்தில் போடுவேன். சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில்வரை காவடிகளோடு நடந்து எடுப்பவருக்குத் தெரியும், அந்தக் காற்றில் என்னென்ன இருக்கிறது என்று. திருநீறு, கற்பூரப் புகை, பன்னீர், குடத்திலிருந்து சிந்தும் பால். பால் காய்ந்தால் கண்ணாடியில் கொழுப்பும் புரதமும் ஆடைபோல ஒட்டிக்கொள்ளும். திருநீறு பார்ப்பதற்கு மாவு போல மென்மையாக இருக்கும். ஆனால் சாணச் சாம்பலில் சிலிக்கா மிகுதி, மணலில் இருக்கும் அதே பொருள். அதை உலர்ந்த துணியால் தேய்த்தால், ஒளி திரும்புவதைக் குறைக்கக் கண்ணாடிமேல் பூசியிருக்கும் மெல்லிய பூச்சுக்கு நல்லதல்ல. வீட்டில் என்றால் நிதானமாக ஊதி, தூரிகையால் தட்டி, பிறகு துடைக்கலாம். அலகுக் காவடி ஐந்தடி தூரத்தில் வந்துகொண்டிருக்கும்போது அந்த நிதானம் யாருக்கு இருக்கும்? சட்டை நுனியால் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டு அடுத்த படத்தை எடுப்போம். அந்த ஒரு தேய்ப்புக்காகத்தான் ஃபில்டர். கீறினால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம்.

ஆனால் தைப்பூசத்தில் பால்குடங்கள் இரவிலேயே நடக்கத் தொடங்கிவிடும். அந்த நேரம் தெருவிளக்குகளும் கோயில் அலங்கார விளக்குகளும் படச் சட்டத்துக்குள் வரும் என்பதால் கழற்றியே எடுப்பேன். விடிந்த பிறகு மாட்டுவேன்.

தீமிதியில் மட்டும் இந்த விதியை மீறுகிறேன். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் பூக்குழியின் வெப்பத்தில் மேலெழும் சாம்பல், எங்கே நின்றாலும் தேடி வரும். இருட்டானாலும் அங்கே ஃபில்டரைக் கழற்றுவதில்லை. அதற்கு விலையாக, பெரிய விளக்குகள் சட்டத்துக்குள் வராத கோணத்தைத் தேடி நிற்கிறேன்.

ஈஸ்ட் கோஸ்ட், சாங்கி, பாசிர் ரிஸ் கடற்கரைகளிலும் போடுவேன். காற்று அடிக்கும் நாளில் அரை மணி நேரத்தில் உப்பு படிந்துவிடும். அதை ஈரத்துணியால் கரைத்துத்தான் எடுக்க வேண்டும், திரும்பத் திரும்ப.

தீபாவளி விளக்குகளை எடுத்தால் வானத்தில் பச்சைப் புள்ளிகள் மிதக்கின்றன. லென்ஸ் கெட்டுவிட்டதா?

லென்ஸ் நன்றாகவே இருக்கிறது. குற்றவாளி ஃபில்டர். இதுவரை எனக்கு வந்த கேள்விகளில் இதுதான் மிக அதிகம், அதுவும் ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசியில் வரும்.

நடப்பது இதுதான். சிராங்கூன் சாலை வளைவில் எரியும் விளக்கின் ஒளி, லென்ஸ் வழியாகச் சென்சாரை அடைகிறது. சென்சார் பளபளப்பானது. விழுந்த ஒளியில் ஒரு சிறு பங்கை அது திருப்பி அனுப்புகிறது. அந்த ஒளி வந்த வழியே லென்ஸைக் கடந்து வெளியே போகப் பார்க்கும்போது, தட்டையான ஃபில்டர் குறுக்கே நிற்கிறது. தட்டைக் கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி. ஒளியை அப்படியே உள்ளே திருப்புகிறது, லென்ஸ் அதை மறுபடியும் கூர்மையாகக் குவித்துச் சென்சாரில் பதிக்கிறது. இப்போது அது படத்தின் நடுப்புள்ளிக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் தலைகீழாக விழும். வலப்பக்கம் மேலே உண்மையான விளக்கு இருந்தால், இடப்பக்கம் கீழே அதன் ஆவி தெரியும். பச்சையாகத் தெரிவதற்குக் காரணம், பூச்சுகள் மிச்சம் விட்டுவைக்கும் நிறம் பெரும்பாலும் அதுவாக இருப்பது. லென்ஸின் முன்கண்ணாடி வளைந்திருப்பதால் தான் திருப்பும் ஒளியைக் கலைத்துவிடுகிறது. அதனால் ஃபில்டரைக் கழற்றியதும் இந்தத் தலைகீழ்ப் புள்ளிகள் மறைந்துவிடும்.

மரினா பே இரவுக் காட்சி, 2008 முதல் நடந்துவரும் இரவுநேர கார் பந்தயம், குத்துவிளக்கு, பிறந்தநாள் மெழுகுவத்தி, எல்லாவற்றுக்கும் இதே கதைதான். விலை உயர்ந்த ஃபில்டரில் புள்ளிகள் மங்கும், முற்றிலும் போகாது.

சோதித்துப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். இரவு பத்து மணிக்கு வீட்டுத் தாழ்வாரத்தில் முக்காலி போட்டு எதிர் புளோக்கின் தாழ்வார விளக்குகளை ஃபில்டரோடு ஒரு படம், இல்லாமல் ஒரு படம் எடுங்கள். இரண்டையும் கணினியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என் அண்ணன் மகள் இதைச் செய்துவிட்டு, “சித்தப்பா, இத்தனை நாள் என் படங்களை எல்லாம் நானே கெடுத்திருக்கிறேனே” என்று கண் கலங்கினாள். அவள் எடுத்திருந்தது பாட்டியின் எண்பதாவது பிறந்தநாள். விளக்கேற்றும் படத்தில், பாட்டியின் கன்னத்தில் ஒரு பச்சைச் சுடர்.

பத்து வெள்ளிக்கும் கிடைக்கிறது, நூறு வெள்ளிக்கு மேலும் கிடைக்கிறது. வேறுபாடு என்ன?

முக்கியமாகப் பூச்சு. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் சுமார் 4 விழுக்காடு ஒளியைத் திருப்பிவிடும். இரண்டு முகங்களுக்கு 8 விழுக்காடு. நல்ல பலஅடுக்குப் பூச்சு, முகம் ஒன்றுக்கு அதை அரை விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவருகிறது. போகும் ஒளியைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. திரும்பும் ஒளி உள்ளே அலைந்து படத்தை வெளிறச் செய்வதுதான் கவலை.

கடையிலேயே பார்த்துவிடலாம். சிட்டி ஹால் பக்கம் பெனின்சுலா பிளாசாவிலோ வேறெங்கோ, மேற்கூரையில் குழல்விளக்கு எரியாத கடை ஏது? ஃபில்டரைக் கிடைமட்டமாகப் பிடித்து, அதில் விளக்கின் பிரதிபலிப்பைப் பாருங்கள். விளக்கு வெள்ளையாகப் பளிச்சென்று தெரிந்தால் பூச்சு இல்லை அல்லது மோசம். மங்கிய பச்சையாகவோ ஊதாவாகவோ தெரிந்தால் பூச்சு இருக்கிறது. அடுத்து, எண்ணெயும் நீரும் ஒட்டாத மேற்பூச்சு உள்ளதா என்று கேளுங்கள். துடைப்பதற்காகத்தானே வாங்குகிறோம், எளிதில் துடைக்க வராத ஃபில்டரால் என்ன பயன்? சில பழைய பலஅடுக்குப் பூச்சுகளில் விரல்ரேகையைத் துடைத்தால் அது இடம் மாறிக்கொண்டே இருக்கும், போகாது.

ஹோயா, கென்கோ, மருமி, பி பிளஸ் டபிள்யூ ஆகியவற்றின் நடுத்தர, மேல்தர வகைகள் எல்லாமே போதுமானவை. ஒரே பெயருக்குள் மட்டமான வகையும் இருக்கும் என்பதால் பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். பெயர் பெற்ற ஃபில்டர்களுக்குப் போலிகள் உண்டு. நம்ப முடியாத விலையில் இணையத்தில் கண்டால் விட்டுவிடுங்கள்.

என்ன அளவு வாங்குவது?

லென்ஸின் முன்வளையத்திலோ மூடியின் உட்புறத்திலோ, குறுக்குக்கோடு போட்ட வட்டத்துக்குப் பக்கத்தில் எண் இருக்கும்: 49, 52, 58, 67, 77, 82 என்று. அதுதான் விட்டம், மில்லிமீட்டரில். லென்ஸில் குவியத்தூரத்தைக் குறித்து எழுதியிருக்கும் 18-55 போன்ற எண்ணோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அகன்ற கோண லென்ஸ் என்றால் வளையம் மெலிதாக உள்ளதை வாங்குங்கள், இல்லையேல் படத்தின் மூலைகள் கறுக்கும். நிக்கானின் பழைய எஃப் மவுண்ட் 14-24 போல முன்கண்ணாடி குமிழாகப் புடைத்திருக்கும் லென்ஸ்களுக்கு முன்னால் திருகும் ஃபில்டரே போட முடியாது. அவற்றை வைத்திருப்பவர்கள் இத்தனை ஆண்டும் ஃபில்டர் இல்லாமல்தான் உலகம் முழுதும் படம் எடுக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள்.

சுங்கை பூலோவில் பறவைப் படம் எடுக்கிறேன். நீண்ட லென்ஸுக்குப் போடலாமா?

போடாமல் எடுங்கள். செப்டம்பர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகள் வரும் பருவத்தில், தொலைவில் சேற்றில் நிற்கும் உள்ளானின் இறகு ஒவ்வொன்றும் தெரிய வேண்டும் என்று தவம் கிடப்பவர் நீங்கள். 400, 600 மி.மீ. லென்ஸில், கண்ணாடியின் மேற்பரப்பில் இருக்கும் மிகச் சிறிய நெளிவும் பெரிதாகித் தெரியும். அகன்ற கோணத்தில் கண்ணுக்கே படாத ஃபில்டர், இங்கே கூர்மையைத் தின்றுவிடும். 150-600 வகை லென்ஸ்கள் பலவற்றுக்கு 95 மி.மீ. ஃபில்டர் வேண்டும். அந்த அளவில் சமமான கண்ணாடி செய்வது கடினம், விலையும் ஏறும். இத்தகைய லென்ஸ்களின் ஹூட் மிக நீளம், அதுவே போதும். படம் ஏன் மென்மையாக இருக்கிறது என்று லென்ஸை விற்கத் துணிந்த ஒருவரிடம் முதலில் ஃபில்டரைக் கழற்றச் சொன்னேன். லென்ஸ் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.

மழையில்?

உங்கள் லென்ஸின் கையேட்டைப் படியுங்கள். கேனனின் இஎஃப் 17-40 எஃப் 4 எல், 16-35 எஃப் 2.8 எல் இரண்டாம் பதிப்பு, 50 எஃப் 1.2 எல் போன்ற சில லென்ஸ்களுக்கு, முன்னால் ஃபில்டர் போட்டால்தான் நீர்த்தடுப்பு முழுமை அடைகிறது. அவற்றுக்குப் போட்டே ஆக வேண்டும். அப்படி எதுவும் சொல்லாத லென்ஸுக்கு ஃபில்டரால் நீர்த்தடுப்பு வந்துவிடாது. டிசம்பர், ஜனவரி வடகிழக்குப் பருவமழையில் எனக்குக் கைகொடுப்பவை ஒரு சிறு துண்டும் குளியல் தொப்பியும்.

ஃபில்டர் போட்டுவைத்தால் பூஞ்சை பிடிக்காதாமே?

இந்த நம்பிக்கையை நம் ஊரில் கட்டாயம் உடைக்க வேண்டும். நம் காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல். பூஞ்சை வித்துகள் எங்கும் இருக்கின்றன, லென்ஸ் செய்யப்பட்ட நாளிலேயே உள்ளே இருக்கலாம். அவை முளைக்க உதவுபவை ஈரம், இருட்டு, அசையாத காற்று. தோல் பைக்குள் அலமாரியில் கிடக்கும் லென்ஸுக்கு மூன்றும் கிடைக்கின்றன. ஈரமான நாளில் மாட்டிய ஃபில்டரை மாதக்கணக்கில் கழற்றாமல் விட்டால், அதற்கும் முன்கண்ணாடிக்கும் இடையில் அடைபட்ட ஈரம் நான்காவது உதவி. பூஞ்சை முற்றினால் பூச்சையே அரித்துவிடும். பிறகு சுத்தம் செய்தாலும் தழும்பு நிற்கும்.

ஈரம் நீக்கும் பெட்டி வாங்குங்கள். உள்ளே 40 முதல் 50 விழுக்காடு வைத்தால் போதும், அதற்கும் கீழே போனால் ரப்பர் பாகங்கள் காய்ந்துவிடும் என்ற அச்சம் உண்டு. பெட்டி வாங்க முடியாதவர்கள் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, நிறம் மாறியதும் மாற்றுங்கள். பெட்டிக்குள் வைக்கும்முன் ஃபில்டரைக் கழற்றுங்கள். எல்லாவற்றையும்விட, லென்ஸை வாரம் ஒருமுறை வெளியே எடுத்துப் பயன்படுத்துங்கள். நான்கு ஃபில்டருக்கு ஆகும் செலவில் ஒரு சிறிய பெட்டி வந்துவிடும் என்பதைக் கணக்கில் எடுங்கள். சிங்கப்பூரில் லென்ஸைக் கொல்வது கீறலைவிடப் பூஞ்சைதான். என் பழுதுபார்ப்புச் செலவுகளும் அதையே சொல்கின்றன.

பெருவிரைவு ரயிலை விட்டு வெளியே வந்ததும் மூடுபனி படிந்துவிடுகிறதே?

நம் காற்று சுமார் 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எதைத் தொட்டாலும் நீராகும். குளிரூட்டிய ரயிலிலோ அறையிலோ ஒரு மணி நேரம் இருந்த கண்ணாடி அந்த நிலையில்தான் இருக்கும். ஃபில்டர் போட்டால் அதன்மேல் படியும், துடைத்தால் திரும்பப் படியும், சில வேளை உட்புறமும் படியும். கேமராவைப் பைக்குள்ளேயே மூடிவைத்து இருபது நிமிடம் வெளிச்சூட்டுக்குப் பழக விடுங்கள். திருமண மண்டபத்திலிருந்து வாசலுக்கு ஓட வேண்டியிருந்தால், ஒரு கேமராவை முன்கூட்டியே வெளியில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவைப்பேன்.

ஃபில்டர் இறுகிக்கொண்டது, கழலவில்லை.

இறுக்கிப் பிடிக்காதீர்கள். விரல்கள் அழுத்தும்போது வட்டம் முட்டைவடிவாகி இன்னும் இறுகும். சமையலறை ரப்பர் கையுறை போட்டு, வளையம் முழுவதையும் சமமாகத் தொட்டபடி மெதுவாகத் திருப்புங்கள். தடித்த ரப்பர் பட்டையைச் சுற்றியும் செய்யலாம். அதற்கென்றே விற்கும் பிடிகளும் உண்டு. பித்தளை வளையங்கள் அலுமினியத்தைப்போல எளிதில் இறுகாது. விழுந்து நசுங்கிய வளையம் என்றால் வீட்டில் முயல வேண்டாம், பழுதுபார்ப்பவரிடம் போங்கள்.

முன்கண்ணாடியில் சிறு கீறல் விழுந்துவிட்டது. இரவெல்லாம் தூக்கம் வரவில்லை.

தூங்குங்கள். கீறல் படத்தில் வருமா என்று ஓர் அஞ்சல்தலை அளவு கறுப்புக் காகிதத் துண்டை முன்கண்ணாடியில் வைத்துப் படம் எடுத்துப் பாருங்கள். வெளிச்சம் சற்றுக் குறையும், காகிதத்தின் உருவம் பெரும்பாலும் தெரியாது. முன்கண்ணாடி ஃபோகஸுக்கு வெகு வெளியே இருக்கிறது. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் வரும் ஒளி, கண்ணாடியின் அகன்ற பரப்பு முழுவதிலிருந்தும் வருகிறது. எதிர்வெயிலில் எடுக்கும்போதும், அகன்ற கோண லென்ஸில் எஃப் 16 போலத் துவாரத்தைச் சுருக்கும்போதும் மட்டும் கீறல் சற்றே தலைகாட்டலாம். கேமராவோடு பொருந்தும் பின்கண்ணாடிதான் உண்மையில் பொன்போலக் காக்க வேண்டியது. அதன் மூடியைத் தொலைக்காதீர்கள். நிச்சயதார்த்தத்தில் கீறிய அந்த லென்ஸில்தான் நான் இன்னும் எடுக்கிறேன்.

போலரைசரை யூவி ஃபில்டரின் மேலேயே மாட்டலாமா?

யூவியைக் கழற்றிவிட்டு மாட்டுங்கள். ஒன்றின்மேல் ஒன்று போட்டால் நான்கு முகங்கள் ஒளியைத் திருப்பும், மூலைகளும் கறுக்கும். தாவரவியல் பூங்காவில் மழை ஓய்ந்ததும் இலைகளின் பளபளப்பை அகற்றிப் பச்சையை வெளிக்கொண்டுவரும் போலரைசருக்கு நான் முழு ஆதரவாளன். அது செய்வதைக் கணினியில் பின்னர் செய்ய இயலாது.

சூரியனை எடுக்க யூவி ஃபில்டர் காப்பாகுமா?

ஒருபோதும் ஆகாது. 2019 டிசம்பர் 26 அன்று இங்கே கங்கண கிரகணம் தெரிந்தபோது பலர் இதைக் கேட்டார்கள். சூரியனுக்கென்றே செய்த ஃபில்டர் இல்லாமல் சூரியனைப் பார்க்கவோ எடுக்கவோ கூடாது. கண் போனால் வராது. மேடை லேசர் ஒளியும் அப்படியே, நேராக விழுந்தால் சென்சாரை எரித்துவிடும். எந்தத் தெளிந்த கண்ணாடியும் அதைத் தடுக்காது.

கைத்தொலைபேசிக் கேமராவின் மேல் ஒட்டும் கண்ணாடி?

அங்கே ஏற்கனவே ஒரு காப்புக் கண்ணாடி இருக்கிறது, நீங்கள் தொடுவதே அதைத்தான். அதன்மேல் இன்னொன்றை ஒட்டினால் இரவுப் படங்களில் விளக்குகள் கீற்று விடும். ஒட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள்.

அப்பா விட்டுச்சென்ற பழைய ஃபிலிம் கேமரா. லென்ஸில் இளஞ்சிவப்புச் சாயலில் ஒரு ஃபில்டர் இருக்கிறது. கழற்றலாமா?

அது ‘ஸ்கைலைட்’ வகையாக இருக்கக்கூடும். ஃபிலிமில் வரும் நீலத்தைக் குறைத்து, நிழலில் எடுக்கும் முகங்களுக்குக் கொஞ்சம் வெதுவெதுப்புத் தருவதற்காக அந்நாளில் போட்டார்கள். உங்கள் அப்பா காரணத்தோடுதான் போட்டிருக்கிறார். வண்ண ஃபிலிமில் எடுக்கப்போகிறீர்கள் என்றால் அதே காரணம் இன்றும் செல்லும்.

ஆனால் ஒருமுறையாவது கழற்றிப் பாருங்கள். பல ஆண்டுகளாக அடைபட்டிருந்தால் இடையில் மங்கலோ சிலந்தி வலைபோன்ற பூஞ்சை இழைகளோ இருக்கலாம். கைவிளக்கைப் பின்பக்கமிருந்து அடித்து, முன்னாலிருந்து சாய்வாகப் பாருங்கள். இழைகள் தெரிந்தால் மற்ற லென்ஸ்களோடு சேர்த்து வைக்காமல் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். தெளிவாக இருந்தால் ஃபில்டரின் இரு முகங்களையும் ஊதித் துடைத்து, ஒரு சுற்றுப் பின்னோக்கித் திருப்பி மரை சரியாக அமர்ந்த பிறகு, விரல்நுனி இறுக்கத்தில் மாட்டுங்கள். பிறகு 36 படச் சுருள் ஒன்றை வாங்கிப் போட்டு, முதல் படமாக அம்மாவை எடுங்கள். சன்னலோர வெளிச்சம் போதும்.